உப்புப் பெட்டி

மார்ச் 2

காலையில் சலவை இயந்திரம் தண்ணீரைக் கக்கிவிட்டது. சமையலறையைத் துடைத்து முடித்து ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. தராசு கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குழுத் தலைவிக்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. ஒரு வார்த்தையை நிறுத்துப் பார்த்துச் சொல்ல அரை நாள் எடுத்துக்கொள்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சமவெளியில் அண்டக்கதிரைப் பிடிக்க வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் 212ஆம் தொட்டி மூன்று நாளாக ஊமை, தரவே வரவில்லை. எலி வயரைக் கடித்திருக்கும் என்கிறார் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டுநர். அண்டத்தை அளக்க வந்த நாங்கள் எலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலம் பெரிய மனுஷி (வயது ஒன்பது, பேச்சுக்கு வயது ஐம்பது) வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று எழுத வேண்டுமாம்.

"அண்டக்கதிர்னா என்னம்மா?"

"விண்வெளியிலேர்ந்து வர்ற ரொம்பச் சின்னத் துகள். மேல காத்துல மோதி உடைஞ்சு, கோடிக்கணக்கா மழை மாதிரி கொட்டும். அந்த மழை நம்ம தொட்டித் தண்ணிக்குள்ள புகுந்தா ஒரு துளி வெளிச்சம் வரும். எந்தத் தொட்டியில முதல்ல வந்துச்சு, எதுல அப்புறம் வந்துச்சுன்னு பாத்தா, எந்தப் பக்கத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு தெரியும்."

"எங்கேர்ந்து கிளம்புது?"

"அது தெரியல. வர்ற வழியெல்லாம் காந்தப்புலம் அதை வளைச்சு விட்டுடுது. கடைசியா திரும்பின தெருதான் தெரியும், கிளம்பின வீடு தெரியாது."

"எத்தனை நாளா தெரியல?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்போ தினமும் அங்க போய் எல்லாரும் என்னதான் பண்றீங்க?"

அவள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும்.

மார்ச் 4

மூன்றாவது!

எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பரவாயில்லை. நவம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, இப்போது ஒன்று. மூன்றும் நாங்கள் பார்த்ததிலேயே மிக அதிக ஆற்றல் கொண்டவை. அவ்வளவு ஆற்றலோடு வருவதைக் காந்தப்புலத்தால் பெரிதாக வளைக்க முடியாது. கிட்டத்தட்ட நேராக வரும். மூன்றும் வானத்தின் ஒரே மூலையிலிருந்து, மூன்று டிகிரிக்குள். அந்த மூலையில் என்ன இருக்கிறது? நமக்குப் பக்கத்திலேயே, நடுவில் பெரிய கருந்துளையை வைத்துக்கொண்டு சீறுகிற ஒரு விண்மீன் மண்டலம். தற்செயலாக இப்படி அமைய பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

கிளம்பின வீடு!

தாழ்வாரத்தில் ஓடிப்போய் முதலில் என் புருஷனிடம்தான் சொன்னேன். தொட்டிகளிலிருந்து வரும் தரவைத் திரட்டி எங்களுக்கு அனுப்பும் பிரிவு அவனுடையது. என் அறையிலிருந்து நான்காவது கதவு. கல்லூரியில் ஒரே மேசை, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், இன்னும் வாடா போடாதான். மாமியார் வந்தால் மட்டும் வாங்க போங்க.

"சரியா பாத்தியா?" என்றான்.

"மூணு தடவை பாத்துட்டேன்டா."

"இன்னொரு தடவை பாரு."

தராசுக்குத் தம்பி முறை ஆகிவிடுவான் போலிருக்கிறது. குதிப்பான் என்று நினைத்தேன்.

மார்ச் 5

தராசு கேட்ட முதல் கேள்வி: "உப்பா இருக்குமோ?"

எரிச்சலாக வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். உப்புப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். யாரோ இரண்டு பேரை ரகசியமாக நியமிப்பார்கள். அவர்கள், நடக்கவே நடக்காத ஒரு துகள் மழையின் தடயங்களை நிஜத் தரவோடு தரவாகக் கலந்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரியாது. எங்கள் முறை அதைக் கண்டுபிடிக்கிறதா, இல்லை ஆசையில் எதையாவது பார்த்துவிட்டுக் குதிக்கிறோமா என்று சோதிக்க. கட்டுரை எழுதி முடித்து, அனுப்பப் போகிற கடைசி நிமிடத்தில்தான், கலந்ததன் பட்டியலைப் பூட்டி வைத்திருக்கும் உப்புப் பெட்டியைத் திறப்பார்கள். அதுவரை யார் போட்டார்கள், எதைப் போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்பதே தெரியாது.

அந்த விதியை நாலு வருடத்துக்கு முன் வரைவு செய்ததே நான்தான். "குடும்பத்தினர் உட்பட எவரிடமும் வெளியிடலாகாது" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி மேசையைத் தட்டியதும் நான். "குடும்பமெல்லாம் எதுக்கும்மா?" என்று தராசே தயங்கினார். இங்கே பாதிப் பேர் புருஷன் பொண்டாட்டி, சேர்த்தே ஆக வேண்டும் என்றேன்.

உப்பு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் போடுகிறார்கள். கடைசியாகப் போட்டது போன வருடம். ஆகவே இது உப்பு இல்லை. தராசிடம் அப்படித்தான் சொன்னேன். நிறுத்துப் பார்த்துவிட்டு, "வேலையைத் தொடருங்க" என்றார்.

மார்ச் 9

ஒன்று வந்தால் எல்லாம் சேர்ந்து வரும். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். அப்பா இருக்கும் ஊரில். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. நிரந்தரம். இங்கே பதினோரு வருடமாக ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம், ஒவ்வொரு டிசம்பரிலும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். அங்கே போனால் அது இல்லை. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தங்கையிடம் சொன்னதும் போனிலேயே அழுதாள். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு வருடம். நாலு வருடமும் அவள் ஒருத்திதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, அவர் பேச முயன்று முடியாமல் கோபப்படும்போது பக்கத்தில் இருப்பது. "அக்கா, நீ வந்துட்டா நான் அந்த நர்சிங் படிப்புல சேந்துடுவேன்க்கா. வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது."

போனால் இந்த மூன்று துகளை வேறு யாராவது எழுதுவார்கள். வெளியே போகிறவர் தரவைத் தொடக் கூடாது. அதுவும் விதிதான். அது நான் எழுதியதல்ல.

மார்ச் 13

சாப்பிடும்போது விளையாட்டாகக் கேட்டேன். "டேய், இது உப்பு இல்லையே?"

"யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேளு," என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

விதிப்படி இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்பு. அவனைச் சீண்டத்தான் கேட்டேன். பாதித் தட்டில் எழுந்துவிட்டான், வயிறு சரியில்லை என்று. பாவம், போன வாரம் முழுக்க 212ஆம் தொட்டியோடு வெயிலில் கிடந்தான்.

மார்ச் 19

எழுதிவிட்டேன். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

நாலு நாள் பேசினோம். பேசினோம் என்ன, நான் பேசினேன். "நீ என்னடா நினைக்கிற?" என்றால், "நல்லா யோசிச்சுக்கோ, உன் முடிவுதான்" என்பான். எத்தனை தடவை கேட்டாலும் அதே. நல்ல மனுஷன். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

கடிதத்தை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். "'வருத்தத்துடன்'னு மட்டும் போட்டா மொட்டையா இருக்கு. 'மிகுந்த வருத்தத்துடன்'னு போடு" என்றான். போட்டேன்.

மார்ச் 21

தங்கை: "மூணு துகளுக்காக விட்டுட்டியாக்கா?"

அப்படியெல்லாம் இல்லை, இது நூறு வருடக் கேள்வி என்று ஏதோ சொன்னேன். "சரிக்கா, அப்பாவுக்கு மருந்து குடுக்கற நேரம்" என்று வைத்துவிட்டாள். மருந்து நேரம் ஆறு மணி. அப்போது மணி நாலே கால்.

ஏப்ரல் 6

மின்னல் காரணமாக இருக்குமா? இல்லை. தொட்டிக் கோளாறு? இல்லை. கடிகாரப் பிசகு? இல்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் அவன் பிரிவுதான் சான்று தர வேண்டும். ஒழுங்காகத் தந்தான், ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு.

ஏப்ரல் 17

நாள் முழுக்க என் கணக்கில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையிலும் நான் தோற்றதில்லை.

மே 2

தங்கை இன்னும் பேசவில்லை. அப்பாவின் பிறந்த நாள் என்று கூப்பிட்டேன். போனை அவர் காதில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதனிடம் மூன்று துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 11

கட்டுரை முடிந்தது. இருபத்தேழு பக்கம். தராசு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: "கண்டுபிடித்தோம்" என்பதை "காண்கிறோம்" என்று மாற்றச் சொல்லி. உப்புப் பெட்டி 24ஆம் தேதி. அது வெறும் சடங்கு.

மே 23

நாளைக்கு என்ன சேலை கட்டுவது என்று பெரிய மனுஷியிடம் ஆலோசனை. பச்சை என்று தீர்ப்பு. அவன் வந்து வாசலில் நின்றான். "நாளைக்கு எது எப்படி ஆனாலும்..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. "பயமா இருக்காடா எனக்காக?" என்று சிரித்தேன். தலையாட்டினான். போய் இரண்டு குடம் தண்ணீர் குடித்திருப்பான், அவ்வளவு நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான்.

மே 24

உப்பு. மூன்றும்.

மே 26

எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

கூடத்தில் நாற்பது பேர், திரையில் மற்ற நாடுகளிலிருந்து அறுபது பேர். தராசு கடவுச்சொல்லைத் தட்டினார். பெட்டி திறந்தது. பட்டியலில் மூன்று வரி. நவம்பர், ஜனவரி, பிப்ரவரி கடைசி. நேரம், ஆற்றல், திசை எல்லாம் நான் கண்டுபிடித்தது போலவே, இரண்டாவது தசமம் வரை. அப்புறம் கைதட்டினார்கள். அது வழக்கம். உப்பைச் சரியாகக் கண்டுபிடித்த குழுவுக்குக் கைதட்ட வேண்டும், முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். நானும் தட்டினேன். சத்தியமாகத் தட்டினேன். பச்சைச் சேலையில் நின்றுகொண்டு, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு.

அதுவரை தாங்கிக்கொண்டேன். நூறு வருடமாகத் தெரியாதது இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

பட்டியலுக்குக் கீழே, கலந்தவர்கள் என்று இரண்டு பெயர். அதுவும் வழக்கம்தான். முதல் பெயர் வேறு நாட்டுக்காரர். இரண்டாவது பெயர்—

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தேடிய பிறப்பிடம் எந்த விண்மீன் மண்டலத்திலும் இல்லை. என் அறையிலிருந்து நான்காவது கதவு.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவன் பின்னாலேயே, பத்தடி தள்ளி, வண்டியைத் தள்ளிக்கொண்டு. வாசலில், "விதி. உனக்கே தெரியும்ல" என்றான். ஆமாம், எனக்கே தெரியும். நான் எழுதியது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதபடி நானே எழுதி வைத்திருக்கிறேன்! இதைவிட ஒரு பொறி இருக்குமா? அழக்கூட வரவில்லை.

மே 28

"சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

பெரிய மனுஷி சுற்றும் முற்றும் பார்த்தாள். "பாட்டி வந்திருக்காங்களா?"

"இல்லையே, ஏன்?"

"பின்ன ஏன் அப்பாவ 'நீங்க'ங்கற?"

எனக்குக் கோபம் தலைக்கேறினால் மரியாதை வந்துவிடும். அவனுக்கு அது தெரியும். கன்னத்தில் அறைந்தது போலத் தட்டைத் தள்ளி வைத்தான். நல்லது.

மே 31

நிலையத்தில் எல்லோரும் தோளைத் தட்டுகிறார்கள். "அருமையான வேலை, மூணையும் அப்படியே பிடிச்சுட்டீங்களே." பிடித்தேன். வலையில் மாட்டிய மீனைப் பார்த்து எவ்வளவு நன்றாக மாட்டியது என்று பாராட்டுவார்களா?

ஜூன் 3

இந்த நோட்டையே பின்னால் புரட்டிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

"இன்னொரு தடவை பாரு." "யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேளு." பாதித் தட்டில் எழுந்தது. எல்லாம் இங்கேயே இருக்கிறது, என் கையெழுத்தில். நூறு கோடித் தரவில் மூன்று துகளைக் கண்டுபிடித்தவளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவன் திணறுவது தெரியவில்லை. வயிறு சரியில்லையாம், வெயிலாம், பாவமாம்!

உப்பு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருக்கிறேன். விதியில் அப்படி ஒரு வரியே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் இருக்கிறது. எனக்கு அது நிஜமாக இருக்க வேண்டியிருந்தது, அதனால் ஒரு விதியைக் கற்பனை செய்துகொண்டேன். அந்தப் பிழை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "மிகுந்த வருத்தத்துடன்"? அது எந்த விதியில் இருக்கிறது? துகள் பொய் என்று சொல்ல வேண்டாம். "அந்த வேலையை ஒத்துக்கோ, அப்பா இருக்கார், தங்கச்சி இருக்கா" என்று சொல்ல எந்த விதி தடுத்தது? புருஷனாக ஒரு வார்த்தை. காரணம் சொல்லாமல் ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதில் என் மறுப்புக் கடிதத்துக்கு மெருகு போட்டுக் கொடுத்தானே, மனுஷனா அவன்?

மார்ச் 4லிருந்து மே 24 வரை விரல் விட்டு எண்ணினேன். எண்பத்தொரு நாள். தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

ஜூன் 6

212ஆம் தொட்டி மறுபடி ஊமை. அதன் மின்னணுப் பெட்டியை மாற்ற அவன் போக வேண்டும், அளவீட்டைச் சரிபார்க்க நான். வேறு ஆள் இல்லை. ஓட்டுநரின் ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் ஓட்டுநர், "ரெண்டு பேரும் வேலையப் பாருங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நிலையத்தில் எலிக்குக்கூட விஷயம் தெரிந்திருக்கிறது.

தொட்டியின் நிழல் இரண்டு ஆள் நிற்கும் அளவுதான். அவன் திருகுகளைக் கழற்றக் கழற்ற நான் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். இந்த நோட்டில் எழுதியதையே கேட்டேன். "துகளைப் பத்திச் சொல்ல வேண்டாம். வேலைக்குப் போன்னு ஏன் நீங்க சொல்லல?"

நாலாவது திருகைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"விதிதான்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பாதிதான் விதி."

"மீதி?"

"நீ போயிட்டா குழந்தையும் உன்கூட வந்துடுவா. எனக்கு அங்க வேலை கிடையாது. நான் இந்தத் தொட்டிங்களோட தனியா... நான் உன்னை இருக்கச் சொல்லலையே. அந்த மூணும் தானா உன்னைப் பிடிச்சு வெச்சுது. நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

விதியோடு நிறுத்தியிருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பேன். என்றைக்காவது. இப்போது எதை மன்னிப்பது? துகளை விதிக்காகப் போட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நான் மாட்டியதைப் பார்த்ததும் அது அவனுக்கு வசதியாகிவிட்டது. அப்பாவின் நாலு வருடம், தங்கையின் படிப்பு, என் பதினோரு வருடக் காத்திருப்பு எல்லாம் இவன் தனியாகச் சாப்பிடாமல் இருப்பதற்காக. துரோகம். இதற்கு வேறு பெயர் கிடையாது, தராசைக் கேட்டால்கூட வேறு பெயர் சொல்ல மாட்டார்.

ஆறு திருகையும் அவன் கையில் கொட்டிவிட்டு வெயிலில் போய் நின்றேன்.

ஜூன் 14

பல்கலைக்கழகத்துக்குக் கூச்சத்தை விட்டு போன் செய்தேன். அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். துறைத் தலைவர் மரியாதையாகவே பேசினார். மறுப்புக் கடிதத்தில் நான் காரணமாக எழுதிய அந்த மூன்று துகள் என்ன ஆயிற்று என்று கேட்டார். உப்பு என்றேன். "எங்க ஆளுங்களுக்கும் அப்படி ஆகியிருக்கு" என்றார். பெட்டி திறந்த பிறகு என்னிடம் ஆறுதலாகப் பேசிய முதல் ஆள், முன்பின் தெரியாதவர்.

ஜூன் 22

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்போ நீயும் நானும் ஒரே ஆள்கிட்ட ஏமாந்திருக்கோம்" என்றாள். அப்புறம், "ஆனா என்னை ஏமாத்தினது நீதான்க்கா. மாமா இல்ல."

சரிதான். அவள் சொன்னது சரிதான். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8

தராசு கூப்பிட்டு அனுப்பினார். உப்பு விதியைத் திருத்தலாம் என்று யோசிக்கிறாராம். "குடும்பத்தினர் உட்பட" என்பதை எடுத்துவிடலாமா? புருஷன் போட்டதைப் பொண்டாட்டி தேடுகிற மாதிரி இனி அமைக்காமலாவது இருக்கலாமா?

"ரெண்டாவதைச் சேர்த்துக்குங்க. முதல் வரி இருக்கட்டும் மேடம்," என்றேன்.

"உங்களுக்கு நடந்ததுக்கு அப்புறமுமா?"

"சொல்லியிருந்தா சோதனையே பொய். வரி சரியாத்தான் இருக்கு."

என்னையே நிறுப்பது போலப் பார்த்தார். "நியமிச்சது நான். போட்டாங்களா இல்லையான்னு எனக்கும் தெரியாது. உங்களுக்கு வேலை வந்திருக்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்தினார். முடிக்காத வாக்கியம் தராசிடமிருந்து வருவது இதுவே முதல் தடவை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி மேலும் இல்லை. அதன் பின்னால் ஒளிந்துகொண்டவன் மேல்தான்.

ஜூலை 19

நீங்க, வாங்க, போங்க எல்லாம் எனக்கே அலுத்துவிட்டது. பழையபடி நீ, வா, போ. கோபம் போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். முகம் மலர்ந்துவிட்டது. குரல்தான் களைத்தது, வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9

துறைத் தலைவர் போன் செய்தார். மார்ச்சில் நான் வேண்டாம் என்ற இடத்துக்கு வந்தவர் ஒரு வருட விடுப்பில் போகிறாராம். "ஒரே ஒரு வருஷம்தான். ஆய்வகமும் ரெண்டு வகுப்பும். அதுக்கப்புறம் என்னால எந்த உறுதியும் குடுக்க முடியாது. அங்கேயிருக்கறதை விட்டுட்டு வருவீங்களா?"

"வரேன்" என்றேன். அவர் வாக்கியம் முடிவதற்குள். செப்டம்பர் ஒன்றாம் தேதி.

தங்கை ஒரு நிமிடம் நம்பவில்லை. "இந்தத் தடவை நிஜமாவாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். இந்த மாதக் கடைசி வாரத்துக்குள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிடலாமாம்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். பெட்டி கட்டி, டிக்கெட் எடுத்து, வாசலில் வண்டி நிற்கும்போது சொல்கிறேன். எண்பத்தொரு நாள் கிடைக்காது, மூன்று வாரமாவது கிடைக்கும். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டு. அவனுக்கும் தெரியட்டும் எப்படி இருக்கும் என்று.

ஆகஸ்ட் 10

சொல்லவில்லை. காலையில் என் செருப்பின் அறுந்த வாரைத் தைத்து வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தான். வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அவனிடம் சொல்லக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "இதெல்லாம் எதுக்குக்கா, சின்னப் பிள்ளை மாதிரி" என்கிறாள். சின்னப் பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் 11

ஞாயிற்றுக்கிழமை மாதிரி நிதானமான காலை, நிலையத்துக்கு விடுமுறை. அவன் அளவு நாடாவோடு வந்தான். ஜன்னல் பக்கத்துச் சுவரில் எனக்கு ஒரு புத்தக அலமாரி அடிக்கப் போகிறானாம். மேசையையும் அங்கேயே நகர்த்திவிடலாம், சாயங்கால வெளிச்சம் நோட்டில் விழும், எத்தனை வருடமாகத் தரையில் அடுக்கி வைத்திருக்கிறாய் என்று தானாகப் பேசிக்கொண்டிருந்தான். "இந்த முனையைக் கொஞ்சம் பிடி" என்றான். பிடித்தேன்.

ஆறடி இரண்டங்குலம் என்று சுவரிலேயே பென்சிலால் எழுதினான். ஐந்து தட்டா ஆறு தட்டா என்று கேட்டான். மேல் தட்டு எனக்கு எட்ட வேண்டும் என்பதற்காக என்னைக் கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனி படும் இடத்தில் ஒரு கோடு போட்டான். நான் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, இருபது நாளில் நான் இல்லாமல் போகப்போகிற சுவர்முன் நிற்கிறேன். அவன் அடுத்த கோட்டுக்குக் குனிகிறான்.

என்னால் முடியவில்லை.

"அடிக்காத. வேண்டாம். நான் போறேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து அங்க வேலை. ஒரு வருஷம். குழந்தையும் வர்றா."

பென்சில் சுவரிலேயே நின்றது. "எப்போ தெரியும்?"

"முந்தாநேத்து."

"ரெண்டு நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்தியா? என்கிட்ட சொல்லாம?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நாடா அவன் மடியில் சுருண்டு விழுந்தது.

"எனக்கு ரெண்டு நாள்கூட முடியல" என்றேன். அவன் அழுதான். நான் பக்கத்தில் உட்காரவில்லை, எழுந்தும் போகவில்லை. பெரிய மனுஷி எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சாயங்காலம் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் "தாயின் பணியிட மாற்றம்" என்று எழுதினேன். தந்தையின் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. படிவத்தை மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தான். எந்த வார்த்தையையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.